எயார்போர்ஸ் நானாவின் பதக்கம்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். நம் ஊர்க் கதைதான். எங்கள் தவறு ஒன்றும் இதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை சரியாக வராது.

எங்கள் மூன்று பேரையும் உங்களுக்குத் தெரியும். ஒரே ஒழுங்கையில் வளர்ந்து, ஒரே பாடசாலையில் படித்து, இப்போது அங்கேயே படிப்பிக்கிறோம். போன கிழமை பாடசாலை விட்ட நேரம் எயார்போர்ஸ் நானாவின் மகன் பழைய பிஸ்கட் டின் ஒன்றோடு வந்து கேட்டருகில் நின்றார்.

"வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அலுமாரியை இழுத்தோம் ஸேர். பின்னால இது ஈந்திச்சி."

திறந்து பார்த்தோம். கைலேஞ்சியில் சுற்றிய இரண்டு பதக்கங்கள். நாடா இரண்டும் நிறம் மங்கிப்போய் இருந்தன. ஒரு சிங்களக் கடிதம். உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளை நைலோன் துணித் துண்டு. பதக்கங்களில் ஒன்று முப்படையினருக்குக் கொடுக்கிற நீண்டகாலச் சேவைப் பதக்கம் என்று கடிதத்தில் இருந்தது.

"கண்டியில பழைய சாமான் எடுக்கிற ஒருத்தர் ரெண்டுக்கும் சேர்த்து ஐயாயிரம் தாரதா செல்றார். சண்டையில வீரத்துக்குக் குடுக்கிற பதக்கம் எண்டா நல்ல விலை போகுமாம். இது கனபேருக்குக் கிடைக்கிறது, அதால விலை இல்லையாம். என்ன ஸேர் செய்ற?"

எங்களிடம் உடனே சொல்ல ஒரு பதிலும் இருக்கவில்லை. அந்த டின் ஏன் அலுமாரிக்குப் பின்னால் போனது என்று மகனுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

இளம் பிள்ளைகளுக்கு எயார்போர்ஸ் நானாவைத் தெரியாது. அவர் வபாத்தாகி மூன்று வருடமாகிறது. தெல்தோட்டையிலிருந்து 1974ஆம் ஆண்டு விமானப்படைக்குப் போனார். 1996இல் ஓய்வு பெற்றார். இருபத்திரண்டு வருடம். லீவில் வந்தால் கலஹா பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு பச்சைப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வருவார். நாங்கள் பின்னால் ஓடுவோம். "நானா, பிளேன் ஓட்டுறீங்களா?" என்று கேட்போம். "இல்லடா, நான் குடை மடிக்கிற ஆள்" என்பார். எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம். குடை மடிக்க எயார்போர்ஸுக்குப் போக வேணுமா என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

அவர் மடித்தது பரசூட். அது என்ன வேலை என்று விளங்க எங்களுக்கு வெகுகாலம் எடுத்தது. ஓய்வு பெற்று வந்த பிறகு பள்ளி விறாந்தையில் உட்கார்ந்து, தன் சாரத்தை விரித்து வைத்து ஒருநாள் சொல்லித் தந்தார்.

பரசூட் மடிக்கிற மேசை ஒரு வகுப்பறையைவிட நீளமாக இருக்குமாம். அதில் துணியை விரித்து, ஒவ்வொரு பட்டியாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டும். படையினர் குதிக்கிற பரசூட் சின்னத் துணி இல்லை. உலகத்தில் பல படைகள் பாவித்த அமெரிக்க டி-10 வகையின் குறுக்களவு 35 அடி. முப்பது கயிறுகள் தொங்கும். அத்தனையும் சிக்கில்லாமல் நேராக ஓட வேண்டும். ஒரு கயிறு துணிக்கு மேலால் விழுந்துவிட்டால் குடை முழுதாக விரியாது. கயிற்றை வளைத்து வளைத்து இறப்பர் பட்டிகளில் செருகி, கடைசியில் பையை மூட முன்னர் மேசையில் இருந்த கருவிகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் பையைத் திரும்பப் பிரிக்க வேண்டும். குறைந்தது உள்ளே இருக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் அந்தப் பரசூட்டுக்கு உரிய பதிவில் திகதி போட்டு, மடித்தவர் ஒப்பமிட வேண்டும். யார் மடித்தது என்று தெரியாமல் எந்தப் பரசூட்டும் விமானத்தில் ஏறாது.

"குதிக்கிறவன் பையைத் திறந்து பார்க்க ஏலாது. திறந்தா குடை கலைஞ்சிரும். என்ட ஒப்பத்தை நம்பித்தான் அவன் கதவால பாயணும்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். விமானியின் உயிர்காப்புப் பரசூட்டை யாரும் பாவிக்காவிட்டாலும், குறித்த காலத்துக்கு ஒருமுறை பிரித்து, காற்றாடத் தொங்கவிட்டு, துணியையும் தையலையும் பார்த்து, திரும்ப மடிக்க வேண்டும். நம் நாட்டு ஈரக் காற்றில் அது இன்னும் கவனம். 1991இல் நம் விமானப்படைக்கு எஃப்-7 ஜெட் விமானங்கள் வந்தன. அவை தரையிறங்கி ஓடும்போது வேகத்தைக் குறைக்க வால்பக்கத்தில் ஒரு குடை விரியும். ஒவ்வொருமுறையும் அதைப் பொறுக்கி எடுத்து மடிக்க வேண்டும். "நான் மடிச்சதில முக்கால்வாசி ஒருத்தருக்கும் தேவைப்படாமலே போச்சி. அல்ஹம்துலில்லாஹ்" என்று சிரித்தார்.

அவர் ஒருநாளும் குதித்ததில்லை. குதித்தவர்கள் மார்பில் குத்துகிற இறக்கைச் சின்னம் அவரிடம் இருக்கவில்லை. இருந்தது இந்த நீண்டகாலச் சேவைப் பதக்கம்தான். பல நாடுகளைப் போல நம் நாட்டிலும் அதில் வான்படைக்கு வேறு, தரைப்படைக்கு வேறு என்று இல்லை. ஜெட் ஓட்டியவருக்கும், பரசூட்டில் குதித்தவருக்கும், அதை மடித்தவருக்கும், முகாமில் சோறு சமைத்தவருக்கும் ஒரே பதக்கம்.

இந்த வகைப் பதக்கத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் தேடிப் பார்த்தோம். பிரித்தானிய இராணுவத்தில் 1830இல் நான்காம் வில்லியம் மன்னர் காலத்தில் இது வந்தது. பெயரே நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும் உரிய பதக்கம். அப்போது காலாட்படைக்காரருக்கு 21 வருடம், குதிரைப்படைக்காரருக்கு 24 வருடம் வேண்டும். விமானப்படை தனியாக உருவானதும் 1919இல் அதற்கும் ஒன்று வந்தது. 1951 மார்ச் 2ஆம் திகதி தொடங்கிய நம் விமானப்படை பிரித்தானிய முறையில் வளர்ந்தது. பதக்க வழக்கமும் அந்த வழியில்தான் வந்தது. இந்தியாவில் 9 வருடம், 20 வருடம், 30 வருடம் என்று மூன்று படியாகக் கொடுக்கிறார்கள்.

எங்கே கொடுத்தாலும் கணக்கு இரண்டுதான். எத்தனை வருடம் இருந்தாய்? அத்தனை வருடமும் நடத்தை எப்படி? இரண்டாவது கேள்விக்குத்தான் பலர் தவறுவார்கள். வீரப் பதக்கத்துக்கு ஒரு நாள் போதும். இதற்கு எல்லா நாளும் வேண்டும். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்கிற அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்ததை மத்ரஸாவில் மனப்பாடம் செய்த நாங்கள்தான், இந்தப் பதக்கத்தைப் பார்த்து "கனபேருக்குக் கிடைக்கிறது" என்று நினைத்திருந்தோம்.

இனி எங்கள் தவறு.

ஒவ்வொரு பெப்ரவரி 4ஆம் திகதியும் பாடசாலையில் கொடியேற்றத்துக்கு நானா வருவார். வெள்ளைச் சேர்ட், கறுப்புக் கோட், கோட்டில் இந்த இரண்டு பதக்கங்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். 2018 பெப்ரவரியில் கடைசியாக அப்படி வந்தார்.

அடுத்த மாதம் மார்ச் 5ஆம் திகதி திகன எரிந்தது. மகாவலிக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் தூரம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கண்டி மாவட்டம் முழுக்க ஊரடங்கு. அடுத்த நாள் அவசரகாலச் சட்டம். பிறகு முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. எது உண்மை, எது வதந்தி என்று தெரியாமல் நம் இளைஞர்கள் இரவில் பள்ளியைச் சுற்றி விழித்திருந்தார்கள். நாங்களும் இருந்தோம்.

அந்த இரவுகளில் ஒன்றில் நானா வந்தார். கோட் போட்டிருந்தார். பதக்கங்களும் இருந்தன. "ஆராவது வந்தா நான் முன்னால நிக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் அவங்கட ஆக்களோட ஒரே பரக்கில தூங்கி எழும்பினேன். நான் பேசினா கேப்பாங்க" என்றார்.

எங்களில் ஒருவர் சொன்னார்: "நானா, நெருப்பு வைக்க வாரவன் இந்தத் தகரத்தைப் பார்த்து சல்யூட் அடிச்சிட்டுப் போவானா?"

எல்லோரும் சிரித்தோம். பயத்தில் வந்த சிரிப்புத்தான். ஆனாலும் சிரித்தோம். யார் சொன்னது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. சிரித்த எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

நானா ஒன்றும் சொல்லவில்லை. பதக்கங்களைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பஜ்ர் வரை எங்களோடு இருந்தார். அன்று இரவு யாரும் வரவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தப் பதக்கங்களை நாங்கள் பார்க்கவில்லை. அடுத்த வருடக் கொடியேற்றத்துக்கு அவர் கோட் இல்லாமல் வந்து, பின் வரிசையில் நின்றார்.

பிறகு 2019 ஏப்ரல் 21. அந்தப் பாவிகள் செய்ததன் வலி முதலில் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு. அடுத்து அதன் நிழல் நம் வீடுகளிலும் விழுந்தது. நாடு முழுக்கத் தேடுதல். இராணுவ உடை போன்ற துணி வீட்டில் இருந்ததற்காகக் கைது என்று ஒவ்வொரு நாளும் செய்தி வந்தது. நானாவின் வீட்டில் உண்மையான சீருடையே இருந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து தேய்த்து மடித்து வைத்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பயம். ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு வீட்டுப் பின்பக்கம் அதை எரித்தார். பக்கத்து வீட்டு மதிலால் நாங்கள் கண்டோம். பொத்தான்களைத் தனியே வெட்டி எடுத்துவிட்டு, துணியை மடித்தபடியே நெருப்பில் வைத்தார். நாங்கள் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பேசுவது?

துணி எரியும். பதக்கம் எரியாது. அது பிஸ்கட் டின்னுக்குள் போய், அலுமாரிக்குப் பின்னால் போயிருக்கிறது.

இதையெல்லாம் மகனிடம் அன்று பாடசாலைக் கேட்டருகிலேயே நின்று சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வாப்பா இதெல்லாம் செல்ல இல்ல" என்றார். மன்னிப்புக் கேட்டோம். கேட்க வேண்டியவர் மையவாடியில் இருக்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில், சுதந்திர தினத்துக்குப் பேச்சுத் தயாரிக்கும்போது ஒரு மாணவன் கேட்டான்: "ஸேர், எங்கட ஆக்கள் இந்த நாட்டுப் படையில ஈந்தீக்காங்களா?" அவன் கேட்ட விதத்தில், இல்லை என்ற பதிலை முன்கூட்டியே எதிர்பார்த்தது தெரிந்தது. அதுதான் எங்களைச் சுட்டது.

இருந்தார்கள். பிரித்தானியர் காலத்து இலங்கை ரைபிள் படையில் மலாய் முஸ்லிம்கள்தான் பெரும்பகுதி. அது 1873இல் கலைக்கப்பட்டது. நம் காலத்தில் விசேட படையணியின் லெப்டினன்ட் கேர்ணல் லாபிர். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் சுற்றிவளைக்கப்பட்டபோது, உள்ளே இருந்தவர்களை மீட்க ஹெலிகொப்டரில் இறக்கப்பட்டவர்களுக்குத் தலைமை தாங்கிப் போய் 19ஆம் திகதி உயிரிழந்தார். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம வீர விபூஷணய அவருக்குக் கிடைத்தது.

இந்தியாவிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. பிரிகேடியர் முஹம்மத் உஸ்மான். 1947இல் நாடு பிரிந்தபோது பல முஸ்லிம் அதிகாரிகள் பாகிஸ்தானுக்குப் போனார்கள். அவர் இந்தியாவிலேயே இருந்தார். 50ஆவது பரசூட் பிரிகேடுக்குத் தலைமை தாங்கி, நௌஷேராவைக் காப்பாற்றினார். ஜங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று நிலத்தில் பாய் விரித்துப் படுத்தார் என்று சொல்வார்கள். ஜங்கர் 1948 மார்ச்சில் மீண்டது. ஜூலை 3ஆம் திகதி எறிகணை விழுந்து அங்கேயே இறந்தார். 36 வயது நிறைய இன்னும் 12 நாள் இருந்தது. மகா வீர் சக்ரா விருது பெற்ற அவரை டில்லி ஜாமிஆ மில்லிய்யாவில் அடக்கினார்கள். பிரதமர் நேருவே ஜனாஸாவுக்கு வந்தார்.

இந்தப் பெயர்களை வகுப்பில் சொன்னோம். பிள்ளைகள் கண் விரித்துக் கேட்டார்கள். ஆனால் சொல்லும்போதே ஒன்று உறுத்தியது. நாம் இந்த நாட்டுக்காரர் என்று காட்ட ஏன் எப்போதும் ஒரு மௌத்து வேண்டும்? உயிர் கொடுத்தவரைத்தான் காட்ட வேண்டுமா? இருபத்திரண்டு வருடம் காலையில் எழும்பி, கயிறு எண்ணி, ஒப்பமிட்டு, ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் பென்ஷனில் வந்தவர் நம் ஒழுங்கையிலேயே இருந்தார். அவரை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை.

மறைக்காமல் இன்னொன்றையும் எழுத வேண்டும். எங்களோடு படிப்பிக்கிற தோட்டப் பக்கத்துத் தமிழ் ஆசிரியை ஒருவருக்குப் பதக்கத்தைக் காட்டினோம். யுத்த காலத்தில் அவருடைய அக்கா குடும்பம் வவுனியாவில் இருந்தது. அவர் பதக்கத்தைக் கையில் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "விமானச் சத்தம் கேட்டா அக்கா இன்னும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கிட்டு உள்ளே ஓடுவா" என்றார். பிறகு அந்த நைலோன் துண்டை மட்டும் எடுத்துத் தடவிப் பார்த்தார். "இது ஆள் விழாம தாங்குற துணிதானே" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். நாங்கள் அதற்கு விளக்கம் சொல்லப் போகவில்லை. ஒரு பதக்கத்தை எல்லோரும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொன்னோம்.

கடிதத்தோடு ஒரு தொலைபேசி இலக்கமும் இருந்தது. கலஹாப் பக்கத்துச் சிங்கள நண்பர் ஒருவருடையது. முன்பு விமானப்படையில் இருந்தவர். 2018இல் ஊரடங்கு தளர்ந்த அன்றே பஸ் ஏறி நானாவின் வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் முன்விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர். அவரை அப்போது கண்டிருந்தோம், யாரென்று கேட்கவில்லை. இப்போது எடுத்துப் பேசினோம். வயதான குரல். நானாவின் பெயரைச் சொன்னதும் சிங்களத்தில் சொன்னார்:

"நான் குதித்த பரசூட்டுகளில் அவர் மடித்தவையும் இருந்தன. பதிவில் அவருடைய ஒப்பத்தைப் பார்த்தால் இரண்டாவது முறை யோசிக்க மாட்டேன். இப்போது உங்களோடு பேசுகிறேனே, அதுதான் அவருடைய சான்றிதழ்."

தொலைபேசியை வைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் பேசாமல் இருந்தோம். "நான் பேசினா கேப்பாங்க" என்று அந்த இரவு நானா சொன்னது வீண்பேச்சில்லை. கேட்கிற ஒருவர் கலஹாவில் இருந்தார். வந்தும் இருந்தார்.

அடுத்த நாள் மகன் திரும்ப வந்தார். கூடவே அவருடைய மகள், உயர்தரம் படிக்கிற பிள்ளை. "ஐயாயிரத்தை இருபத்திரண்டால பிரிச்சிப் பார்த்தேன் ஸேர். வருஷத்துக்கு இருநூத்திச் சொச்சம் வருது. விக்க இல்ல" என்றார் மகன். பிள்ளை டின்னைத் திறந்து, "மூத்தாப்பாட இந்தத் துண்டு என்ன?" என்று கேட்டது. அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தேய்ந்துபோய் ஒதுக்கிய ஒரு பரசூட்டில் வெட்டியதாக இருக்கலாம். பிள்ளை அதைத் தன் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டது.

பதக்கங்களை ஒரு நாளுக்கு எங்களிடம் தந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் மேசையில் வைத்தோம். கேள்வி கேட்ட மாணவனை முதலில் கூப்பிட்டோம். அவன் இரண்டு கையாலும் எடுத்து நிறுத்துப் பார்த்தான். "இவர் குதிச்சாரா ஸேர்?" என்றான். "இல்ல. குதிச்சவங்க பத்திரமா இறங்கினாங்க" என்றோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊரில் பொலிஸில், தபாலில், ரயில்வேயில், ஆஸ்பத்திரியில், இ.போ.ச.வில், படையில் என்று இருபது முப்பது வருடம் ஒழுங்காக வேலை செய்து ஓய்வு பெற்ற வாப்பாமார், உம்மாமார் எத்தனையோ பேர். முஸ்லிம், தமிழ், சிங்களம் என்று மூன்று பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கடிதங்களும் பதக்கங்களும் அலுமாரிக்குப் பின்னால் இருக்கும். அவர்கள் இருக்கும்போதே எடுத்துக் கேளுங்கள். பிள்ளைகளை எழுத வையுங்கள். வரும் பெப்ரவரி கொடியேற்றத்துக்கு அவர்களைக் கூப்பிட்டு முன் வரிசையில் இருத்த நினைத்திருக்கிறோம். எயார்போர்ஸ் நானாவின் கதிரையில் அவருடைய பேத்தி இருப்பாள், இன்ஷா அல்லாஹ்.

யாராவது அன்று பதக்கம் குத்திக்கொண்டு வந்தால், தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

நானாவின் மறுமைக்காக துஆச் செய்யுங்கள். எங்களுக்காகவும்.

வஸ்ஸலாம்.